எனக்குப் பிறகு குழுவை யார் நடத்துவார்கள்? மலைக்கிராமத்தில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

சாமைக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையில் 62 வீடுகள் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குப் பதினோரு ஆண்டுகளாக நான்தான் ஊக்குநர். 2019 டிசம்பர் தேர்தலில் வார்டு உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எங்கள் ஊரில் என் வயதுப் பெண்களில் அதுவே அதிகப் படிப்பு.

தை மாதத்தில் என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கூட இருக்க வேறு ஆள் இல்லாததால் வேலூரில் இரண்டு மாதம் தங்கிவிட்டேன். மாசி கடைசியில் மலை ஏறி வந்தபோது குழுவின் நிலையைப் பார்த்துத் திகைத்துப் போனேன். நான்கு கூட்டங்கள் நடக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் நான் கடைசியாக எழுதிய பக்கத்துக்குப் பிறகு ஓர் எழுத்துகூட இல்லை. எல்லாவற்றையும் விட என்னை வாட்டியது வங்கிக் கடன் தவணைதான். மாதம் 16,200 ரூபாய் கட்ட வேண்டும். பதினான்கு பேரும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போன ஆண்கள் அனுப்பிய பணம் அது. ஒரு ரூபாய் குறையாமல் தகரப் பெட்டிக்குள் இருந்தது. இரண்டு தவணையும் கட்டப்படவில்லை. பணம் இருந்தது, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வங்கிக்கு அதை எடுத்துக்கொண்டு போகத்தான் யாரும் இல்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டேன். "நீ இல்லாமல் எப்படி அக்கா போவது? அந்தச் சீட்டை எப்படி எழுதுவது, எந்த ஜன்னலில் கொடுப்பது, ஏதாவது கேட்டால் என்ன சொல்வது?" என்றார்கள்.

அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இரவு படுத்த பிறகுதான் நெஞ்சு கனத்தது. பதினோரு ஆண்டுகளில் அந்த வங்கிக்கு எத்தனை முறை போயிருப்பேன்! ஒருமுறையாவது இன்னொருத்தியைக் கூட்டிப்போய், "இதோ இப்படி எழுது" என்று காட்டினேனா? சாதிச் சான்றிதழ் விண்ணப்பமா, நான். முதியோர் உதவித்தொகை மனுவா, நான். பிரசவ வலி வந்தால் 108-க்குப் போன் செய்யக்கூட என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஊருக்கு உழைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே எல்லோரையும் என் முந்தானையில் முடிந்து வைத்துவிட்டேன்.

குழுவின் பொறுப்புகள் சுழற்சி முறையில் மாற வேண்டும் என்பது விதி. எங்கள் குழுவிலும் இரண்டு முறை மாற்றினோம். ஆனால் அது ஏட்டில் பெயரை மாற்றியதோடு சரி. பேரேடு என் வீட்டுப் பரணில்தான் இருந்தது.

இப்போது என் மனத்தில் இருவர் இருக்கிறார்கள். ஒருத்திக்கு 23 வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மருமகளாக வந்தவள். கணக்கு எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது. ஆனால் ஊர்ப் பெரியவரான ஊர்க் கவுண்டர் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். இன்னொருத்திக்கு முப்பத்தைந்து இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். ஆனால் போன ஆண்டு குடிதண்ணீர் மோட்டார் மூன்று வாரம் ஓடாதபோது, காலிக் குடங்களோடு பெண்களைத் திரட்டிச் சாலையில் உட்கார வைத்தவள் அவள்தான். சாயங்காலத்துக்குள் மோட்டார் ஓடியது.

பயிற்சிக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அனுப்பியும் பார்த்தேன். மூன்று நாள் கீழே தங்கி, ஒரு பையும் குறிப்பேடும் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "நல்லாச் சொன்னாங்க அக்கா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நீங்கள் யாராவது உங்கள் இடத்தில் இன்னொருவரை வளர்த்து உட்கார வைத்திருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள்? இந்த இருவரில் யாரை எடுத்து வளர்ப்பது? எனக்கு 44 வயது ஆகிறது. அம்மாவுக்கு மறுபடியும் உடம்பு சரியில்லாமல் போனால் நான் மறுபடியும் கீழே இறங்க வேண்டியிருக்கும். நேரம் அதிகம் இல்லை என்ற பதற்றத்தில் கேட்கிறேன்.

கண்மாய்க்கரை எழுதியது:

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் சிவகங்கைப் பக்கம். மலை இல்லை, வானம் பார்த்த பூமி. 2001 முதல் 2006 வரை ஊராட்சித் தலைவராக இருந்தேன்.

ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் துணைத் தலைவர் ஒரு பெண். முதல் இரண்டு ஆண்டுகளும் அவர் கணவர்தான் காசோலையை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வருவார். வேலை தடையில்லாமல் நடந்தது, எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒருநாள் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் ஒரு கிழவி எழுந்து, "துணைத் தலைவர்னு ஒரு அம்மா இருக்குதாமே, அது எங்கே?" என்று கேட்டுவிட்டார். எனக்கு முகம் காட்ட முடியவில்லை.

மறுநாளே கணவரிடம் காசோலையைக் கொடுப்பதை நிறுத்தினேன். அந்த அம்மாவே அலுவலகத்துக்கு வர வேண்டும், பில்லைப் படித்துக் காட்டுவோம், பிறகு கையெழுத்து என்றேன். கணவருக்கும் எனக்கும் மனக்கசப்பு, இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. முதல் முறை வந்தபோது அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, ஒரு வாய்க்கால் வேலைக்கான பில்லில் எழுதியிருந்த சிமெண்டு மூட்டைக் கணக்கைக் காட்டி, "இவ்வளவு மூட்டை எங்கே இறங்கியது? அந்த வாய்க்கால் என் வீட்டு வாசலில்தானே ஓடுகிறது, நான் பார்க்கவில்லையே?" என்று கேட்டார். அளவுப் புத்தகத்தோடு போய் நேரில் அளந்தோம். பில் குறைந்தது. அதற்குப் பிறகு ஊரில் எந்த வேலை நடந்தாலும் மக்கள் அவரிடம்தான் வந்து கேட்டார்கள்.

நாற்காலி கொடுத்தால் மட்டும் போதாது என்பதை எங்கள் வட்டாரம் கொடுமையான வழியில் கற்றது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளும் 1996 இல் தலித்துகளுக்கான தனித்தொகுதிகள் ஆயின. பத்து ஆண்டுகள் அங்கே முறையாக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. தேர்தல் நடந்தாலும் வென்றவரை உடனே பதவி விலக வைத்தார்கள். 2006 இல்தான் நிலைமை மாறியது. சட்டம் இடத்தை ஒதுக்கியது, ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மேலவளவில் 1997 இல் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றதை நாங்கள் யாரும் மறக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன். உங்கள் ஊரில் எதிர்ப்பு என்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர்தான். அவரிடம் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள். "இந்தப் பெண் இனிமேல் கணக்கு வாசிப்பாள், நீங்கள் கேட்க வேண்டும்" என்று மரியாதையோடு அழைத்துப் பாருங்கள். அந்தப் பெண் தூணை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் அந்தப் பாதையை நீங்கள் செதுக்கி வைக்க வேண்டும்.

கூடலூர்க்காரி எழுதியது:

அக்கா, உங்களுக்கு வந்த அதே தூக்கமில்லாத இரவு எனக்கும் வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஒரு மளிகைக்கடைக்காரரின் மகள். 1988 டிசம்பர் 5 அன்று ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நிலவுரிமை கேட்டு எங்கள் ஊர்த் தெருவில் ஊர்வலம் போனார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு வாசலில் நின்று பார்த்தார். அரிசி வாங்க வந்தால் கடைக்குள் கால் வைக்கத் தயங்கி ஓரமாக நிற்கும் பணியர் பெண்கள், அன்று நடுத்தெருவில் நடந்து போனார்கள். அப்பா அன்று இரவு சாப்பிடும்போது ஒன்றுமே பேசவில்லை.

அது ஒரே நாளில் நடந்ததல்ல. 1986 இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் தொடங்கியது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் சிறு சங்கமாகக் கூடிப் பேசத் தொடங்கினார்கள். பிறகு 1990 இல் கூடலூரில் அவர்களுக்கென்று மருத்துவமனை வந்தபோது, செவிலியர்களாகப் பயிற்சி பெற்றவர்கள் அந்த ஊர்களிலிருந்தே வந்த ஆதிவாசிப் பெண்கள். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவது எளிது. அந்த மருத்துவர்கள் எளிதான வழியில் போகவில்லை. ஒரு நோயாளி தன் மொழியில் வலியைச் சொல்ல, அதே மொழியில் மறுமொழி வரும்போது அந்த இடம் அவர்களுடையதாக ஆகிறது.

இனி என் கதை. பெரியவளானதும் பக்கத்து ஊர்ப் பெண்களோடு குழு வேலை செய்தேன். படித்தவள், பேசத் தெரிந்தவள் என்பதால் எல்லா இடத்திலும் நான்தான் முன்னால் நிற்பேன். ஒருமுறை ஆறு பணியர் பெண்களோடு ஓர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போனோம். அரை மணி நேரம் நான் பேசினேன். பாதை இல்லை, மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியவில்லை என்று உருக்கமாகப் பேசினேன். அதிகாரியும் பொறுமையாகக் கேட்டார். திரும்பி வரும்போது வயதான ஓர் அம்மா என் தோளைத் தொட்டு, "நீ சொன்னது நல்லா இருந்தது. ஆனால் நாங்கள் கேட்க வந்தது சுடுகாட்டு நிலம்" என்றார்.

எனக்கு நடை ஓடவில்லை. கிளம்பும் முன் அவர்கள் என்னிடம் இரண்டையும் சொல்லியிருந்தார்கள். எனக்கு எது பெரிதாகப் பட்டதோ அதை நான் எடுத்துக்கொண்டேன். இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் எஸ்டேட் வேலி ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் வயிற்றில் எரிந்த நெருப்பு அது.

அடுத்த முறை நான் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் கூடவே போனேன், அறைக்குள்ளும் போனேன், சுவரோரம் நின்றேன். அந்த அம்மா தொடங்கி, நடுவில் சொல் வராமல் நிறுத்தினார். எனக்கு நாக்கு துடித்தது. அந்த மௌனம் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. மூன்றாவதாக நின்ற ஒரு சின்னப் பெண் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொன்னாள். அவள் பேசுவாள் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. அந்த மௌனத்தை நான் நிரப்பியிருந்தால் அவளை இன்றுவரை அறிந்திருக்க மாட்டேன்.

ஆகவே வங்கிக்கு நான் சொல்லும் வழி இது. முதல் மாதம் நீங்கள் சீட்டு எழுதுங்கள், இருவரும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இரண்டாவது மாதம் அவர்கள் எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தப்பாக எழுதினால் உடனே பேனாவைப் பிடுங்காதீர்கள், ஜன்னலில் இருப்பவர் திருப்பிக் கொடுக்கட்டும். ஒரு தேநீர் குடித்துவிட்டு மறுபடி எழுதட்டும். மூன்றாவது மாதம் நீங்கள் வெளியே மரத்தடியில் உட்காருங்கள். நான்காவது மாதம் வீட்டிலேயே இருங்கள். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது, அந்த நான்காவது மாதம் உங்களுக்குத்தான் கடினம்.

யாரை எடுப்பது என்று கேட்டீர்கள். இருவரையும்தான். ஒருத்தியிடம் எழுத்து இருக்கிறது, இன்னொருத்தியிடம் குரல் இருக்கிறது. உங்களிடம் இரண்டும் இருந்ததால்தான் ஊர் உங்கள் ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் ஏற்றியது.

மூன்றாம் பிரதிநிதி எழுதியது:

நான் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பில் கணக்கு பார்த்தவள். மேலே அக்கா சொன்னது சரி. அதோடு ஒன்று. நீங்கள் தேர்ந்தெடுத்த பெண் மருமகளாக வந்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது மிக நல்லது. எங்கள் ஊரில் நான்கு பெண்பிள்ளைகளை ஆசை ஆசையாகப் பழக்கினோம். மூன்றே ஆண்டில் நால்வரும் கல்யாணம் ஆகி வேறு ஊர் போய்விட்டார்கள். அவர்கள் போன இடத்தில் நன்றாக இருக்கட்டும், எங்கள் ஊர்க் குழு மறுபடி முதல் படிக்கு வந்தது. அதிலிருந்து மருமகள்களையே முதலில் பார்க்கிறோம்.

இன்னொன்று. உங்கள் மலையில் வன உரிமைக் குழு இருக்கும், காட்டு நிலத்தில் மக்கள் கேட்கும் உரிமைகளைச் சரிபார்க்கும் குழு அது. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிப்படி அதில் 10 முதல் 15 பேர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். பெரும்பாலான ஊர்களில் அந்தப் பெண்களின் பெயர் பட்டியலில் மட்டும் இருக்கிறது. குடத்தோடு சாலையில் உட்கார்ந்தாரே, அந்த அக்காவை அங்கே அனுப்புங்கள். எந்த மரம் யார் பாட்டன் காலத்தது, எந்த ஓடை எங்கே திரும்பும் என்று சொல்வதற்குக் கையெழுத்து தேவையில்லை. காட்டின் எல்லையைக் காலால் நடந்து காட்டுபவர்கள்தான் அங்கே வேண்டும்.

கைநாட்டுக்காகவும் தயங்காதீர்கள். ஆனால் அவருக்கு எண்கள் மட்டுமாவது படிக்கக் கற்றுக்கொடுங்கள். எழுத்து பிறகு வரட்டும். எண் தெரியாத தலைவியைச் சுற்றியிருப்பவர்கள் எளிதாக ஏமாற்றிவிடுவார்கள், அதை நான் பார்த்திருக்கிறேன்.

சாமைக்காடு எழுதியது (மூன்று மாதம் கழித்து):

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

சித்திரையில் மூவரும் வங்கிக்குப் போனோம். நான் எழுதினேன். வைகாசியில் சின்னவள் எழுதினாள். தொகையை எண்ணால் சரியாக எழுதி, எழுத்தால் எழுதும் இடத்தில் ஆயிரத்தை விட்டுவிட்டாள். ஜன்னலில் இருந்தவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். என் கை தானாக முன்னால் போனது, இழுத்துக்கொண்டேன். கூடலூர்த் தங்கையே, உன்னை அப்போது நினைத்தேன். ஆனியில் மரத்தடியில் உட்கார்ந்தேன், முக்கால் மணி நேரம்.

கண்மாய்க்கரை ஐயா சொன்னபடி ஊர்க் கவுண்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் எதிர்ப்பார் என்று எண்ணிப் போனேன். அவரோ, "என் பேத்தி வயசுப் பெண் என் முன்னால் கணக்கு வாசிப்பது எனக்குப் பெருமைதானே, இத்தனை நாள் யாரும் கூப்பிடவில்லையே" என்றார். பதினோரு ஆண்டுகளாக அவரைப் பார்த்துப் பயந்து பெண்கள் தூணுக்குப் பின்னால் நின்றார்கள். அவரிடம் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. வைகாசிக் கூட்டத்தில் அவள் வரவு செலவு வாசித்தாள். குரல் நடுங்கியது. கடைசி வரியை வாசித்து முடித்ததும் அவரே, "உள்கடன் பாக்கி எவ்வளவு என்று இன்னொரு தடவை சொல்லம்மா" என்று கேட்டார். அவள் புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பெரியவள் வன உரிமைக் குழுவில் சேர்ந்துவிட்டாள். எண்கள் ஐம்பது வரை வந்திருக்கிறது. சாமைக்குக் களை எடுக்கும்போது ஒவ்வொரு வரிசையாக எண்ணுகிறாள், பக்கத்துக் காட்டில் எனக்குக் கேட்கிறது.

போன செவ்வாய்க்கிழமை தவணை நாள். பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். காலை பஸ்ஸுக்கு இருவரும் போனார்கள். நான் காட்டில் களை எடுத்தேன் என்று சொல்ல வேண்டும், உண்மையில் வரப்பில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதிய பஸ்ஸில் வரவில்லை. மூன்று மணிக்கு மழை பிடித்தது. நாலரைக்கு நனைந்துகொண்டே நடந்து வந்தார்கள், பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். ரசீதை ஒரு பால் கவரில் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். ஓரம்கூட நனையவில்லை.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். வங்கியில் கையெழுத்து அதிகாரத்தை முறையாக மாற்றத் தீர்மானம் எழுதிவிட்டோம். சின்னவளின் மாமியார், "வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மாதாமாதம் வங்கிக்கு அலைவாயா?" என்று தடுக்கிறார். அந்த மாமியாரும் எங்கள் குழு உறுப்பினர்தான். குழந்தையை யாராவது பார்த்துக்கொண்டால் சம்மதிப்பார் என்று தோன்றுகிறது. செவ்வாய்க்கிழமைகளில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாமா, அல்லது அதுவும் மறுபடி எல்லாவற்றையும் என் தலையில் ஏற்றிக்கொள்வதாக ஆகிவிடுமா? மூன்றாம் பிரதிநிதி அக்கா, உங்கள் ஊரில் கைக்குழந்தை உள்ள மருமகள்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.